பதினான்காவது திங்கட்கிழமை

திங்கட்கிழமைகளில் நான் பேசுவதில்லை. பொழுது விடிந்ததிலிருந்து மறுநாள் பொழுது விடியும்வரை வாயைத் திறப்பதில்லை. வாய் சும்மா இருந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மகள் பாதி எழுதித் தூக்கிப்போட்ட நோட்டு ஒன்று கிடந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். ஒன்பதாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விரதம் யாருக்காக என்று தெரிந்தால் தெருவில் சிரிப்பார்கள். புருஷனுக்காக இல்லை. மகள் கல்யாணத்துக்காகவும் இல்லை. பாட்டுப் பாடுகிற ஒரு பையனுக்காக. ஐந்து பேர் சேர்ந்த ராக் இசைக்குழு அது. நடுவில் நின்று பாடுகிறவர் அவர். வயசைப் பார்த்தால் பையன்தான். ஆனாலும் எனக்கு அவர் என்றுதான் வருகிறது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு நான் நானாக இல்லை. புண் ஆறிவிட்டது, மனசு ஆறவில்லை. விளக்கு ஏற்றக்கூடத் தோன்றவில்லை. செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் எங்கள் வீடு. வாசலில் நின்றால் மலை. கல்யாணமாகி வந்த நாளாய்த் தினமும் கும்பிட்ட மலையை அந்த மூன்று மாதமும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாமி பாட்டுப் போட்டால் நிறுத்தச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். செத்துப்போனால் தேவலை என்று ஒருநாள் இல்லை, பல நாள் நினைத்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் காலேஜுக்குக் கிளம்பின மகள், கேட்காமல் கொள்ளாமல் என் காதில் இயர்போனைச் சொருகினாள்.

"சும்மா கேளும்மா. புடிக்கலன்னா கழட்டிப் போட்டுடு. நான் இன்னிக்குப் போனை வெச்சிட்டுப் போறேன்."

பாத்திரக்கடையை மொத்தமாகக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். கழற்ற வேண்டும் என்று நினைத்தேன், கையைத் தூக்க அலுப்பு. சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. எனக்குள் இருந்ததும் அதே மாதிரிதான் இருந்தது, எனக்குத்தான் கத்தத் தெரியவில்லை. பிறகு எல்லாச் சத்தமும் நின்றது. அந்தக் குரல் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டது: "இருக்கீங்களா?"

ஆயிரக்கணக்கான பேர், "இருக்கோம்!" என்றார்கள்.

மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம், தலையணையில் வாயை வைத்தபடி, "இருக்கேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நானே எழுந்து விளக்கு ஏற்றினேன். வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தேன். மகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு அவர்கள் மேடையில் பாடினது எல்லாவற்றையும் தேடித்தேடிக் கேட்டேன். ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்தது எனக்குப் பிடிக்காது. அது கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். மேடையில்தான் இருமுவார்கள், வயரில் தடுக்குவார்கள், வரியை மறந்துவிட்டுச் சிரிப்பார்கள். டிரம்ஸ் அடிக்கிற பையன் கடைசிப் பாட்டுக்கு முன்னால் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பான். பாடுகிறவர் செருப்பைக் கழற்றி ஸ்பீக்கர் பக்கத்தில் ஜோடியாக வைப்பார், கோயிலுக்குள் போகிற மாதிரி. அப்புறம்தான் அந்தக் கேள்வி. மதுரைக்காரர்கள் அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள். கோயம்புத்தூரில் ஒரு மூச்சு விட்டுத்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் பிள்ளைகள் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர். "உங்கம்மாவுக்குப் பேய் புடிச்சிடுச்சின்னு நெனச்சேன்," என்பார் மகளிடம். "இப்ப அந்தப் பேய் பாட்டு வேற கேக்குது."

எனக்கு ஒரே ஆசை. ஒரே ஒரு தரம் அந்தக் கூட்டத்தில் நின்று, அவர் கேட்கும்போது வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். தலையணைக்குச் சொன்னதை அவருக்கே சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மகள் போனைப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, அவருக்குத் தொண்டையில கட்டியாம். ஆபரேஷன் பண்றாங்களாம். மறுபடி பாட முடியுமான்னு டாக்டருங்களே சொல்லலியாம்."

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் கேட்டார்: "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

நட்சத்திரம் எனக்கு எப்படித் தெரியும்? பேர் என்று எனக்குத் தெரிந்தது மேடைக்கு வைத்துக்கொண்ட பேர்தான். அதைச் சந்நிதியில் சொல்ல வாய் வரவில்லை. "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது. அந்த அர்ச்சனை அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா? சாமிக்கு எதற்குத் தொண்டை? மறுபடி உள்ளே ஓடினேன். கொடிமரத்தடியில் விழுந்து, "அவருக்குக் குரலைக் கொடு, எங்கிட்ட இருக்கறதை எடுத்துக்கோ. பதினாறு திங்கட்கிழமை வாய் திறக்க மாட்டேன். நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து" என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் கடைசி வார்த்தையை யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். சாமியிடம் அரையும் குறையுமாகப் பேசக்கூடாது என்று நினைத்தேன்.

முதல் திங்கட்கிழமை பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. பால்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும் சைகை. மகள் சின்ன வயசில் எழுதின தகர விளிம்புச் சிலேட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். 'குழம்பில் உப்பு ஜாஸ்தி. தண்ணி ஊத்திக்கவும்' என்று எழுதி வைப்பேன். வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். "ஊர்ல எல்லாருக்கும் ஞாயித்துக்கெழமை லீவு. எனக்குத் திங்கக்கெழமையும் லீவு" என்று வேன் டிரைவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாவது வாரம் அவர் பேசத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பன்னிரண்டாவது வாரம், கிடார் மட்டும் வைத்துக்கொண்டு நான்கு வரி பாடி வீடியோ போட்டார். குரல் முன்னைப்போல் இல்லை, உமி ஒட்டின அரிசி மாதிரி இருந்தது. ஆனால் குரல். போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டேன்.

அடுத்த வாரம் மகள் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஏறப்போகிற முதல் மேடை எங்கள் ஊரில். வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு காலேஜ் மைதானம். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி.

நான் முதலில் பார்த்தது கிழமையைத்தான். ஞாயிறு. மலையைப் பார்த்துக் கையெடுத்தேன். சாமி எல்லாம் பார்த்துத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்கக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "இருக்கேன்!" என்று கத்திப் பார்த்தேன். நாற்பத்தாறு வயசில் கத்துவதற்குப் பழக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மழை பிடித்தது. மத்தியானம் மைதானத்தில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். இரண்டு மணிக்கு மகள் போனைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"கேன்சல் பண்ணிட்டாங்களா?"

"இல்லம்மா. ஒருநாள் தள்ளி வெச்சிட்டாங்க."

மறுநாள் திங்கட்கிழமை. பதினான்காவது திங்கட்கிழமை.

அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. வீட்டுக்காரர் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "திங்கக்கெழமைதான் கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். போற வழிதானே? சாமி பேருக்கு ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போ. ஒரு ரெண்டு மணி நேரம் தளர்த்தித் தரச் சொல்லு" என்றார்.

"சும்மா இருங்க. வயிறு எரியுது எனக்கு."

பக்கத்து வீட்டு பாய் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இந்த விரதம் எதற்கு என்று தெருவில் தெரிந்த ஒரே ஆள். அவர் மழைக்கு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஒடம்பு சரியில்லாம ஒரு நோன்பு விட்டுப்போச்சின்னா நாங்க அப்புறமா ஒருநாள் வெச்சி ஈடு கட்டிடுவோம். உங்க சாமிகிட்ட அந்த மாதிரி ஒண்ணும் இல்லியாம்மா?"

"இருக்குங்கக்கா. நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். தவறுனா முதல்லேர்ந்துன்னு நானே வாயக் குடுத்துட்டேன்."

"ஐயோ, நீ இன்னாத்துக்கு அவ்ளோ ஜாஸ்தி பேசுனே?" என்றார் அக்கா.

மகள்தான் கோபப்பட்டாள். "முதல்லேர்ந்து வெச்சிக்கயேன்! இன்னும் பதினாறு வாரம் சேத்துப் பேசாம இரு. எங்களுக்கு நல்லதுதான்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் குரல் வந்ததே இந்தப் பதின்மூன்று வாரத்தில்தான். அறுந்துபோன கயிற்றை முடிச்சுப் போட்டுப் போட்டு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் மேடையில் நிற்கிற அந்த நேரத்திலேயே நான் கையை விட்டால்? வாயைத் திறந்தால் அவருக்குக் குரல் போய்விடுமோ என்று பயம். திறக்காவிட்டால் நான் எதற்காகப் போகிறேன் என்று தெரியவில்லை. போகாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அது என்னால் ஆகவில்லை.

திங்கட்கிழமை காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சிலேட்டைத் துடைத்து, பெரிய எழுத்தில் 'இருக்கேன்' என்று எழுதினேன். அவர் கேட்கும்போது தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட வேண்டியது. எழுதுவது பேச்சாகாது. அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டபோது பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

ஷேர் ஆட்டோவில் இறங்கிச் சேற்றில் நடந்தோம். வாசலில் காலேஜ் பையன்கள் பையைச் சோதித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் என் புடவையையும் விபூதியையும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, யாரைத் தேடி வந்தீங்க? பேரண்ட்ஸ் உள்ள போவ முடியாது" என்றான்.

"அவங்கதான் ஃபேன்," என்றாள் மகள். "நான் தொணைக்கு வந்திருக்கேன்."

அவன் சிரித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டான். சிலேட்டு வெளியே வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"இது நாட் அலவ்டு. தகர ஓரம். யாராவது புடுங்கி வீசிட்டாங்கன்னா?"

"அண்ணா, அவங்க மௌன விரதம். பேச மாட்டாங்க. இது இல்லன்னா..."

"விரதம்னா கோயிலுக்குப் போங்க தங்கச்சி. போவும்போது வாங்கிக்கோங்க."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் கும்பிட்டேன். அவனுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். சங்கடப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிலேட்டை மேசைக்கு அடியில் வைத்துவிட்டான். தண்ணீர் பாட்டில்களோடும் ஹெல்மெட்டுகளோடும் என் பதில் அங்கே கிடந்தது.

உள்ளே எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தேர் நாளில் மாட வீதியில் நிற்கிற மாதிரி இருந்தது. மேடைக்குப் பின்னால், மழையில் கழுவின மலை. அவர் வந்து நின்றார். போனில் விரல் அளவுக்குப் பார்த்த உருவம். கழுத்தில் ஒரு சின்னத் தழும்பு. முதல் அடி டிரம்ஸில் விழுந்தபோது அது காதில் கேட்கவில்லை, ஆபரேஷன் பண்ணின இடத்தில் கேட்டது. அடிவயிறு அதிர்ந்தது. சுற்றி எல்லோரும் குதித்தார்கள், நானும் குதித்தேன். சேறு முழங்கால்வரை தெறித்தது. மகள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். நான் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

நாலைந்து பாட்டுக்குள்ளேயே அவர் குரல் தேய்வது தெரிந்தது. மேலே போக வேண்டிய இடங்களில் மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார், கூட்டம் பாடிக்கொடுத்தது. பாடாமல் இருந்தது நான் ஒருத்திதான். 'இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் அரை மணி நேரம், நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீயும் பிடித்துக்கொள்' என்று மலையைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.

டிரம்ஸ் பையன் சட்டைக் கையை மடித்தான், இரண்டு மடிப்பு. இவர் செருப்பைக் கழற்றி ஸ்பீக்கர் பக்கத்தில் ஜோடியாக வைத்தார். வழக்கமாக அப்போதுதான் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை. இருக்கிற குரலைப் பாட்டுக்கு மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். கடைசிப் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. இன்னொரு தரம் முயன்றார். காற்றுதான் வந்தது. கிடார் நின்றது, டிரம்ஸ் நின்றது. அவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டுத் தழும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். படுத்துக் கிடந்த மாதங்களில் கண்ணாடியில்.

பிறகு உதட்டை மட்டும் அசைத்தார். சத்தமே இல்லை. ஆனால் என்ன கேட்கிறார் என்று அந்த மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

இருக்கீங்களா?

பதில் எழும்பினது. அப்படியொரு சத்தத்தை நான் தீபத்தன்றைக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். என் பக்கத்தில் மகள் கழுத்து நரம்பு புடைக்க, "எங்கம்மா இருக்காங்க! எங்கம்மாவும் இருக்காங்க!" என்று கத்தினாள். என் இரண்டு கையும் தலைக்கு மேலே போனது நினைவிருக்கிறது. முந்தானை வாயிலிருந்து விழுந்து தோளில் தொங்கினதும் நினைவிருக்கிறது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. என் வாய் திறந்திருந்தது. அது மட்டும் நிச்சயம். அதிலிருந்து சத்தம் வந்ததா என்றுதான் தெரியவில்லை. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்க வழியில்லை.

மிச்சப் பாட்டைக் கூட்டமே பாடி முடித்தது. அவர் கைகூப்பி நின்றுவிட்டு, செருப்பை மறந்து வெறுங்காலோடு இறங்கிப் போனார்.

திரும்பும்போது சிலேட்டை வாங்கிக்கொண்டோம். ஹெல்மெட் உரசி எழுத்து அழிந்திருந்தது. ஆட்டோவில் விரலால் என் தொண்டையைக் காட்டி மகளிடம் சைகையில் கேட்டேன்.

"தெரியலம்மா. நானே கத்திக்கினு இருந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரலம்மா. சத்தம் வரல" என்றாள். எனக்காகச் சொன்னாள் என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விளக்கை ஏற்றிவிட்டுக் காப்பி கலந்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். "என்னங்க" என்பது கரகரவென்று துண்டு துண்டாக வந்தது. எச்சில் விழுங்கினால் வலித்தது.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாள் பூரா பேசாதவளுக்குத் தொண்டை எப்படிக் கட்டிக்கும்?"

கேலியாகத்தான் கேட்டார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய் டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேனுக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமே செய்தி வந்தது. டாக்டர்கள் அவரைப் பாடவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். எத்தனை மாதம் என்று சொல்லவில்லையாம். மேடைகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். என்னால்தான் ஆயிற்று என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. என்னால் இல்லை என்று சொல்கிற தைரியமும் எனக்கு இல்லை. அக்கா சொன்னார், "கத்துனாத்தான் இன்னா? அந்தப் புள்ள கேட்டுச்சு, நீ சொன்னே." அதையும் நினைத்துப் பார்க்கிறேன். கேட்கக் குரல் இல்லாமல் கேட்டவருக்கு, பேசக்கூடாதவள் பதில் சொல்லியிருக்கிறேன். தப்பு என்றால் தப்புதான். ஆனால் அந்தத் தொண்டை வலி போன அன்றைக்கு, போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. இதைச் சாமியிடமும் சொல்லிவிட்டேன்.

முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இன்றைக்கு மூன்றாவது திங்கட்கிழமை. சிலேட்டில் வீட்டுக்காரருக்கு எழுதி வைத்திருக்கிறேன்: 'ரசத்தில் உப்பு கம்மி. போட்டுக்கொள்ளவும்.' இன்னும் பதின்மூன்று இருக்கிறது.